எலும்புக்குள் விரிசல் எந்தப் பக்கம் திரும்பும்?

எலும்பு ஒரே அடியில் முறிவது போலத்தான் வெளியே தெரியும். ஆனால் நடப்பது, ஓடுவது, படி ஏறுவது போன்ற அன்றாட வேலைகளாலேயே அதற்குள் நுண்விரிசல்கள் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. உடலும் சும்மா இருப்பதில்லை. சேதமான பகுதியைக் கரைத்துவிட்டு அங்கே புது எலும்பை வளர்க்கிறது. இந்தப் பழுதுபார்ப்பை முந்திக்கொண்டு விரிசல் வளரும்போதுதான் ஆபத்து.

அந்த வளர்ச்சியை உயிருள்ள எலும்பில் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆய்வகத்தில் ஒரு துண்டை உடைத்துப் பார்க்கலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான். உடைந்ததை ஒட்டி, ஒரு சின்ன மாற்றம் செய்து, மறுபடி உடைக்க வழியில்லை. கணினியில் அதே எலும்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் உடைக்கலாம்.

இதற்கு அடிப்படை, கிரிஃபித் என்ற பொறியாளர் 1921-இல் கண்ணாடியை வைத்துச் சொன்ன கருத்து. இழுக்கப்படும் பொருளுக்குள் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. விரிசல் கொஞ்சம் நீண்டால் அதில் ஒரு பகுதி விடுபடும். அதே சமயம், புதிதாக இரண்டு பரப்புகளைத் திறக்க ஆற்றல் செலவாகும். விடுபடுவது செலவை ஈடுகட்டினால் விரிசல் நகரும், இல்லையென்றால் நின்றுவிடும்.

கண்ணாடிக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும், ஏனென்றால் அது எங்கும் ஒரே மாதிரியானது. எலும்பு அப்படியில்லை. கொலாஜன் என்ற புரத நார்களும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கனிமத் துகள்களும் பின்னிப் பிணைந்த அடுக்குகளால் ஆனது. கெட்டியான வெளிப்பகுதியில் ஆஸ்டியான் எனப்படும் உருளைகள் எலும்பின் நீளவாக்கில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலம். நடுவில் ரத்தக்குழாய் செல்லும் கால்வாய். வெளி எல்லையில் சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள சிமென்ட் கோடு. கதையின் முக்கியப் பாத்திரம் இந்த மெல்லிய கோடுதான்.

கணினி மாதிரியை உருவாக்க, மிக நுண்ணிய எக்ஸ்ரே படமான மைக்ரோ சிடி ஸ்கேனில் கால்வாய்களும் துளைகளும் தெரியும். நுண்ணோக்கிப் படங்களிலிருந்து ஆஸ்டியான்களின் எல்லைகளை எடுக்கலாம். பிறகு ஃபைனைட் எலிமென்ட் முறையில் அந்த வடிவத்தை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஆஸ்டியான், சிமென்ட் கோடு, சுற்றியுள்ள எலும்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற விறைப்பும் உடைதிறனும் (உடைய எவ்வளவு ஆற்றல் தேவை என்ற அளவு) தரப்படும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கட்டங்களில் கணினி தீர்க்கும் சமன்பாடுகள், பொருள் தொடர்ச்சியாக இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை. விரிசலோ அந்தத் தொடர்ச்சியை அறுக்கிறது. கட்டங்களின் ஓரங்களில் மட்டும் உடைய விட்டால், விரிசல் இயற்பியலைப் பின்பற்றாமல் நாம் போட்ட கட்டங்களின் வழியே போகும். 1999-இல் வந்த நீட்டிக்கப்பட்ட ஃபைனைட் எலிமென்ட் முறை, விரிசல் கட்டத்தின் குறுக்கே வெட்டிச் செல்ல இடம் கொடுத்தது. இன்று அதிகம் பேசப்படுவது ஃபேஸ் ஃபீல்டு முறை. ஃபிராங்க்ஃபோர், மரிகோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்தது. இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 1 வரை ஒரு சேத எண் உண்டு: 0 என்றால் முழு எலும்பு, 1 என்றால் முற்றிலும் உடைந்தது. சுமையைச் சிறிது கூட்டி, மொத்த ஆற்றல் எந்த நிலையில் மிகக் குறைவு என்று கணினி தேடும். அப்புறம் மறுபடி கூட்டும். விரிசல் எங்கே திரும்ப வேண்டும், எங்கே கிளைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

சரி, எலும்பில் என்ன தெரிகிறது? குறுக்கே வரும் விரிசல் பலவீனமான சிமென்ட் கோட்டைத் தொட்டதும் திசை மாறி, ஆஸ்டியானைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. மேலும் முன்னேற அதற்குக் கூடுதல் சுமை தேவைப்படுகிறது. இப்போது கணினியில் அந்தக் கோட்டை மட்டும் வலுவாக்கினால், விரிசல் ஆஸ்டியானை நேராகத் துளைத்துக்கொண்டு போய்விடும். பலவீனமான எல்லைகள் இருப்பதாலேயே எலும்பு எளிதில் உடைவதில்லை! விறகைப் போல, எலும்பும் நீளவாக்கில் பிளப்பதற்கு எளிது, குறுக்கே உடைப்பதற்குக் கடினம். ஆய்வக அளவீடுகளும் இதையே சொல்கின்றன.

ஆனாலும் திரையில் தெரியும் விரிசலை அப்படியே நம்பிவிடக் கூடாது. சிமென்ட் கோட்டில் கனிமம் சுற்றுப்புறத்தைவிட அதிகமா, குறைவா என்பதிலேயே ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு இருந்துவருகிறது. மாதிரியில் அந்தக் கனிம அளவை மாற்றினால் விரிசலின் பாதையும் மாறும். அதனால், ஸ்கேன் செய்து மாதிரியாக்கிய அதே துண்டை ஆய்வகத்தில் உடைத்து ஒப்பிடும் ஆய்வுகளுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன்.

இதெல்லாம் எதற்கு என்றால், வழக்கமான எலும்பு அடர்த்திப் பரிசோதனை கனிமத்தின் அளவைத்தான் சொல்கிறது. அடர்த்தி அவ்வளவாகக் குறையாதவர்களுக்கும் எலும்பு முறிகிறது. வயதாக ஆகத் துளைகள் பெருகுகின்றன, கொலாஜனின் தன்மையும் மாறுகிறது. விரிசலைத் திருப்பிவிடும் திறன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அடர்த்தி எண்ணில் தெரியாது.

முழுத் தொடை எலும்பையும் மைக்ரோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது நடைமுறையில் சாத்தியமில்லை. நோயாளிகளின் மணிக்கட்டையும் கணுக்கால் பக்கத்தையும் படமெடுக்கும் மிகத் துல்லியமான ஸ்கேனர்களில்கூட ஒரு கட்டத்தின் அளவு சுமார் 60 மைக்ரோமீட்டர். சிமென்ட் கோடு அதில் தெரியவே தெரியாது. ஆகவே சிறு துண்டில் விரிசலைப் பின்தொடர்ந்து கற்றதை, முழு எலும்பின் பெரிய மாதிரியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய உடைதிறன் எண்ணாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்தத் துறையில் இப்போது மிகக் கடினமான வேலையாக எனக்குத் தெரிவது இதுதான்.