தோட்டத்தை அடமானம் வைக்கும் முன்

வைகாசியில் கோபிப் பக்கமிருந்து ஒரு விவசாயி தன் மகளோடு என் அறைக்கு வந்தார். "ஏனுங்க சார், அம்மிணி வெளிநாட்டுல ஆராய்ச்சி படிக்கோணும்ங்குது. மஞ்சக்காட்டை அடமானம் வெச்சுப் போடட்டுங்களா?" என்றார். கோவையில் பல வருடங்களாக ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கைடாக இருக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை.

வைக்க வேண்டாம் என்றேன். கடனில் தள்ளுவது பெரும்பாலும் எம்.எஸ். என்னும் முதுகலைப் படிப்பு. அறிவியல், பொறியியலில் முழுநேர பிஎச்.டி. அப்படியல்ல. அமெரிக்காவில் பெரும்பாலும் துறையே கட்டணத்தை ஏற்று, வகுப்பெடுக்கவோ லேபில் வேலை செய்யவோ மாதச் சம்பளமும் தரும். நான்கு வருட பி.இ. முடித்தவர்களே நேராக விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடனில் ஆராய்ச்சி இடத்தை வேலைவாய்ப்பு போலவே விளம்பரம் செய்வார்கள். ஆனால் பொதுவாக முதுகலை கேட்பார்கள். ஏஜென்ட் எம்.எஸ்., பிஎச்.டி. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளூரிலும் வழி இருக்கிறது. அறிவியல் மாணவர்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பொறியியல், அறிவியல் மேல்படிப்புக்கான கேட் (GATE) தேர்வின் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இரண்டும் இல்லாதவர்கள் பிராஜெக்ட் வேலைகளைப் பாருங்கள். கோவையிலேயே கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வன மரபியல் நிறுவனம், ஜவுளி ஆராய்ச்சிக்கான சிட்ரா. கொஞ்சம் தள்ளிப்போனால் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி. அறிவிப்பு அவர்கள் இணையதளத்தில் வரும், சில வாரங்களில் முடிந்துவிடும். திங்கட்கிழமைதோறும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி, நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன்: பேராசிரியருக்கு எழுதும் மெயில். எனக்கும் நிறைய வருகிறது. பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நான் மேலே படிப்பதில்லை. அவருடைய சமீபத்திய பேப்பர் இரண்டைப் படியுங்கள். அதில் உங்களுக்கு உண்மையிலேயே எழுந்த சந்தேகம் ஒன்றைக் கேளுங்கள். நீங்கள் கையால் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்: திருப்பூர் சாயக்கழிவு நீரில் செய்த பிராஜெக்டாக இருந்தாலும் போதும், என்ன அளந்தீர்கள், எங்கே சொதப்பியது என்று எழுதுங்கள். மொத்தம் ஏழெட்டு வரி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அமெரிக்க விண்ணப்பங்களில் பல டிசம்பரிலேயே முடிவதால் ஆவணியிலேயே எழுதத் தொடங்குங்கள்.

அப்புறம், இடம் கிடைத்ததும் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். சம்பளம் 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, கட்டணம் முழுதும் தள்ளுபடியா, மருத்துவக் காப்பீடு உண்டா? நிதியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவதாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

அந்த மாணவி மூன்று பேருக்கு எழுதியிருக்கிறாள். ஒருவர் அவளுடைய சந்தேகத்துக்கே பதில் எழுதி, அடுத்த வாரம் பேச அழைத்திருக்கிறார்.