ஒற்றை இழையில் ஓடும் விமானம்

லண்டன் ஹீத்ரோ போன்ற பெரிய விமான நிலையத்தில் ஓர் ஏர்பஸ் ஏ320 விமானத்தை கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இறக்கும்போது, பதினாறு கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) கொண்ட செயலியும் விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் உள்ள கணினியில்கூடத் திரை தடுமாறுவது உண்டு. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். செயலியின் பயன்பாடு கால் பங்கைத் தாண்டியிருக்காது, கிராபிக்ஸ் கார்டும் பாதி ஓய்வில் இருக்கும். இரண்டும் சும்மா இருக்கையில் படம் ஏன் விட்டுவிட்டு ஓடுகிறது? சிமுலேட்டரின் டெவலப்பர் பயன்முறையில் தெரியும் ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம்) கணக்குப் பெட்டி இதற்கு விடை தருகிறது. ‘லிமிடெட் பை மெயின்திரெட்’ என்று அதில் எழுதியிருக்கும். முதன்மை இழை (ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும் கட்டளைகளின் வரிசை) ஒன்று தன் வேலையை முடிக்காததால் மற்றவை எல்லாம் அதற்காகக் காத்திருக்கின்றன என்பது அதன் பொருள்.

பதினாறு கோர்களில் ஒன்று மட்டும் முழு மூச்சாக உழைத்தால், மொத்தப் பயன்பாட்டில் அது 6.25 விழுக்காடாகவே பதிவாகும். அதோடு விண்டோஸ் அந்த ஓர் இழையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால், தனித்தனிக் கோர்களின் வரைபடங்களைப் பார்த்தாலும் எதுவும் உச்சத்தைத் தொட்டதாகத் தெரியாமல் போகலாம். கண்ணுக்குத் தெரியாத நெரிசல் என்பதாலேயே இதைப் புரிந்துகொள்ளாமல் கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம்.

வினாடிக்கு 30 ஃபிரேம் வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் சுமார் 33 மில்லிவினாடி. அதற்குள் ஜாய்ஸ்டிக்கின் நிலையைப் படிக்க வேண்டும். விமானம் நிற்கும் இடத்தின் காற்றையும் வெப்பத்தையும் கணக்கிட வேண்டும். அவற்றைக்கொண்டு இறக்கைகளிலும் வாலிலும் எழும் விசைகளைக் கண்டறிந்து, அவற்றிலிருந்து விமானத்தின் புதிய இடத்தையும் சாய்வையும் பெற வேண்டும். விமானம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கேமரா எங்கே என்று தெரியும். கேமரா எங்கே என்று தெரிந்த பிறகுதான் எந்தக் கட்டடம் பார்வைக்குள் வருகிறது, எது வரவில்லை என்று பிரிக்க முடியும். அதன் பின்னரே கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பவேண்டிய வரைவு ஆணைகளைத் தொகுக்க முடியும். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடைக்காகக் காத்திருப்பதால், இந்தச் சங்கிலியைப் பல கோர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வழியில்லை. ஒரு வேலையில் பாதி இப்படி வரிசையாகச் செய்தே தீரவேண்டியதாக இருந்தால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது என்பதைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் விளக்கினார். இட்லிக்கு அரைக்கப் பத்துப் பேர் கூடினாலும் மாவு புளிக்கும் நேரம் குறையாது என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நிலப்பரப்பின் படங்களை விரித்தெடுப்பது, சுருக்கி வைத்த கோப்புகளை அவிழ்ப்பது போன்றவற்றை மற்றக் கோர்கள் செய்ய முடியும், இன்று செய்யவும் செய்கின்றன. ஆயினும் ஃபிரேம் விகிதத்தைத் தீர்மானிப்பது அந்த நீண்ட சங்கிலிதான். எனவே சிமுலேட்டரைப் பொறுத்தவரை ஒரு செயலியின் தகுதி என்பது, அதன் ஒற்றைக் கோர் ஓர் இழையை எவ்வளவு விரைவாக ஓட்டும் என்பதே.

இந்த ஒற்றைக் கோரின் வேகம்தான் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சுவரில் முட்டி நின்றது. மைக்ரோசாஃப்ட்டின் முதல் ஃபிளைட் சிமுலேட்டர் 1982இல் வந்தபோது, அது ஓடிய ஐபிஎம் கணினியின் கடிகார வேகம், அதாவது செயலி ஒரு வினாடியில் துடிக்கும் எண்ணிக்கை, 4.77 மெகாஹெர்ட்ஸ். 2004இல் இன்டெல்லின் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 800 மடங்கு வளர்ச்சி! 2024இல் வந்த இன்டெல் கோர் ஐ9-14900கேஎஸ் செயலி, சாதகமான சூழலில் சிறிது நேரத்துக்கு எட்டும் உச்ச வேகம் 6.2 கிகாஹெர்ட்ஸ். அடுத்த இருபது ஆண்டுகளின் வளர்ச்சி 1.6 மடங்குதான். ஒரு துடிப்பில் செய்துமுடிக்கும் வேலையின் அளவு இடையில் நன்றாகவே கூடியிருப்பதால், உண்மையான முன்னேற்றம் இந்த எண் காட்டுவதைவிட அதிகம். ஆனாலும் பழைய பாய்ச்சலுக்கு அருகில்கூட அது வரவில்லை.

காரணம் வெப்பம். ஒரு சில்லு செலவிடும் மின்திறன் அதன் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும். டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே அளவில் குறைத்தால், சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டர் வெளிவிடும் வெப்பம் மாறாமல் இருக்கும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகாலம் தொழில்துறை இந்த விதியின் தோளில் ஏறித்தான் பயணம் செய்தது. ஆனால் மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால், அணைத்து வைத்த டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்னோட்டம் கசியத் தொடங்குகிறது. அந்த எல்லை நெருங்கியதும் சுருக்குவது தொடர்ந்தது, அழுத்தத்தைக் குறைப்பது நின்றது. இனி அதிர்வெண்ணை உயர்த்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து உயரும்போது மின்திறன் ஏறக்குறைய மும்மடியாகப் பெருகும். 20 விழுக்காடு வேகத்துக்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் வெப்பம் என்பது யாருக்கும் கட்டுப்படியாகாத வியாபாரம். இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையும், அதற்கு அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த டேஹாஸ் செயலியையும் 2004ஆம் ஆண்டிலேயே கைவிட்டு, பல கோர்களின் பக்கம் திரும்பியது.

அந்தத் திருப்பத்தின் நடுவில் பிறந்த குழந்தைதான் 2006 அக்டோபரில் வெளிவந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ். கடிகார வேகம் ஏறிக்கொண்டே போகும் என்ற காலத்து நம்பிக்கையோடு கட்டப்பட்ட அந்த மென்பொருள் கடைக்கு வந்தபோது, கடையில் இருந்தவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய இரட்டைக் கோர் செயலிகள். நிலப்பரப்பையும் தானாக முளைக்கும் வீடு மரங்களையும் மற்றக் கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வசதி, 2007 மே மாதத்துத் திருத்தப் பதிப்பில்தான் வந்தது. முதன்மைச் சங்கிலி அப்போதும் ஒற்றை இழையாகவே தொடர்ந்தது.

அதன் அமைவுக் கோப்பில் ‘ஃபைபர் ஃபிரேம் டைம் ஃபிராக்ஷன்’ என்றொரு வரி உண்டு. அதன் இயல்பு மதிப்பு 0.33. படம் வரைவதற்கும் நிலப்பரப்பை ஏற்றுவதற்கும் முதன்மை இழையின் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதைச் சொல்லும் எண் அது. இதைக் குறைத்தால் ஃபிரேம் விகிதம் உயரும், ஆனால் வேகமாகப் பறக்கும்போது கீழே நிலம் மங்கலாகவே இருக்கும். கூட்டினால் நிலம் தெளியும், விமானம் தடுமாறும். ஃபிரேம் விகிதத்தை 30க்கு மேல் ஏறாமல் கட்டி வைத்தால் நிலம் தெளிவாகிறது என்பதைப் பயனர்கள் கண்டுகொண்டதும் இதனால்தான்: வரைவதில் மிச்சமான நேரம் ஏற்றுவதற்குப் போய்ச் சேர்ந்தது. ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் இரவு பகலாகச் சோதனை செய்தார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி, 33 மில்லிவினாடியை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றியதே தவிர வேறில்லை.

சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்களைத் தயாரிப்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. முதன்மை இழையின் நேரத்தில் பெரும்பங்கைச் சிமுலேட்டரே எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் சில மில்லிவினாடிகளை ஒரு விமானம், ஒரு விமான நிலையம், ஒரு வானிலைச் செயலி, போக்குவரத்தைப் பெருக்கும் ஒரு செயலி ஆகிய அனைத்தும் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றை உருவாக்கியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தனித்தனியாகச் சோதித்தபோது சீராக ஓடிய நான்கும் ஒன்றாகச் சேரும்போது தள்ளாடும்.

விமான நிலையக் காட்சிகளை உருவாக்குபவருக்குப் பெரிய செலவு வரைவு ஆணைகளே. ஒரு விளக்குக் கம்பத்தில் எத்தனை முக்கோணங்கள் இருக்கின்றன என்பது கிராபிக்ஸ் கார்டின் கவலை. ‘இந்தப் பொருளை, இந்த மேற்பூச்சோடு வரை’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வதுதான் செயலியின் கவலை. இருநூறு கம்பங்களுக்குத் தனித்தனி டெக்ஸ்சர் (மேற்பூச்சுப் படம்) கோப்பு வைத்தால், அத்தனை ஆணைகளையும் செயலி ஒவ்வொரு ஃபிரேமிலும் தயாரிக்க வேண்டும். கம்பம், வேலி, பெயர்ப் பலகை, குப்பைத்தொட்டி ஆகிய எல்லாவற்றின் பூச்சுகளையும் ஒரே பெரிய டெக்ஸ்சர் தாளில் அடுக்கி, பொருள்களை ஒன்றாகத் தொகுத்தால் ஆணைகள் வெகுவாகக் குறையும். தொலைவிலிருந்து பார்க்கும்போது காட்ட எளிய வடிவங்களையும் கூடவே செய்துவைப்பது அடுத்த படி. இந்தப் படியைச் செய்யாமல் விடுகிறவர்களின் விமான நிலையங்கள், பத்து மைல் தொலைவிலேயே விமானத்தைத் திணறடிக்கும். பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் நாற்காலி வரிசைகள்வரை வடிவமைத்ததைத் தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் பெருமையாகக் காட்டுவதுண்டு. விமானியின் இருக்கையிலிருந்து அவை ஒருபோதும் கண்ணில் படாது என்பதை யாரும் கேட்பதில்லை.

விமானங்களை உருவாக்குபவர்கள் எதிர்கொள்வது வேறு வகைக் கணக்கு. ஹைட்ராலிக், மின்சாரம், எரிபொருள், தானியங்கி விமானி, பறப்பு மேலாண்மைக் கணினி என ஒரு நவீன விமானத்தின் அமைப்புகள் அனைத்தையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுதாகக் கணக்கிட்டால் அவகாசம் போதாது, அப்படிக் கணக்கிடவேண்டிய அவசியமும் இல்லை. கட்டுப்பாட்டுப் பரப்புகளின் அசைவு ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப்பிக்கப்பட வேண்டும். எரிபொருள் தொட்டியின் வெப்பநிலையை வினாடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சேருமிடத்தில் எவ்வளவு எரிபொருள் மிஞ்சும் என்ற மதிப்பீட்டை இன்னும் மெதுவாகவே செய்யலாம். ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் தன் காக்பிட் கருவிகளை வினாடிக்கு 18 முறை என்ற தாளத்தில் அழைத்ததும் இந்தச் சிக்கனம் கருதியே.

இதில் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று இருக்கிறது. வினாடிக்கு ஒருமுறை செய்யும் பத்து வேலைகளும் ஒரே நொடியின் தொடக்கத்தில் விழுந்தால், 29 ஃபிரேம்கள் சீராக ஓடி முப்பதாவது ஃபிரேம் மட்டும் 80 மில்லிவினாடி இழுக்கும். சராசரியில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் தரையிறங்கும் கடைசி நொடிகளில் கைக்கும் கண்ணுக்கும் உடனே தெரியும். நல்ல தயாரிப்பாளர்கள் அந்தப் பத்து வேலைகளையும் அடுத்தடுத்த ஃபிரேம்களில் ஒவ்வொன்றாகத் தெளித்துவிடுகிறார்கள். நீண்ட கணக்கு ஒன்றை, பாதியில் நிறுத்தி அடுத்த ஃபிரேமில் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதுவதும் உண்டு. ஆட்-ஆன் வாங்குமுன் சராசரி ஃபிரேம் விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்த உழைப்பை அறிய வாய்ப்பே இல்லை.

மற்றொரு வழி, வீட்டைவிட்டே வெளியேறுவது. 2006இல் அறிமுகமான சிம்கனெக்ட் என்ற இணைப்பு வழியாக, சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாக ஓடிக்கொண்டே அதனுடன் தகவல் பரிமாற முடியும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் விமானங்களுக்குள் இயங்கும் நிரல்கள் வெப்அசெம்பிளி என்ற பாதுகாப்புக் கூண்டுக்குள் அடைக்கப்பட்டன. அந்தக் கூண்டுக்குள் புதிய இழைகளை உருவாக்க அனுமதி இல்லை. ஃபெனிக்ஸ் நிறுவனத்தின் ஏ320 தன் அமைப்புகளையும் காட்சித் திரைகளையும் தனி நிரலாக வெளியே ஓட்டும் முறையைத் தேர்ந்தது. சும்மா கிடந்த கோர்களுக்கு இதனால் வேலை கிடைத்தது. பதிலாகக் கொடுக்கவேண்டிய விலை தாமதம்: அங்கே கணக்கிட்ட விடை இங்கே வந்துசேர ஒரு ஃபிரேம் பிந்தலாம் என்பதால், தானியங்கி விமானி அந்தப் பிந்தலோடு விமானத்தை நிலையாகப் பிடித்திருக்கும்படி எழுதப்பட வேண்டும். ஃபிளைபைவயர் என்ற திறந்தமூலக் குழு கூண்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, ஜாவாஸ்கிரிப்டில் இருந்த அமைப்புகளை ரஸ்ட் மொழிக்கு மாற்றி அதே வேலையைக் குறைந்த நேரத்தில் முடிக்கும் பாதையில் சென்றது.

ஆஸ்டின் மேயர் உருவாக்கிய மற்றொரு சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன், நேரம் போதாதபோது செய்வது சுவையானது. இறக்கையையும் சுழலியையும் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டின் விசையையும் தனியே கணக்கிடும் அந்தச் சிமுலேட்டரில், இரு கணக்குகளுக்கு இடையிலான கால இடைவெளி மிக நீண்டுவிட்டால் திருத்தங்கள் தாமதமாகவும் மிகையாகவும் விழுந்து விமானம் ஊசலாடத் தொடங்கும். அதனால் ஃபிரேம் விகிதம் 20க்குக் கீழே போனதும் எக்ஸ்-பிளேன் காலத்தையே மெதுவாக்கிவிடுகிறது. தனியே பறப்பவருக்கு இது தெரியாமலே போகலாம். வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பில் பிறருடன் பறக்கும்போதோ, பின்னால் வரும் விமானம் நெருங்கிக்கொண்டே வருவதைப் பார்த்து, ‘வேகத்தைக் குறைக்காதே’ என்று கட்டுப்பாட்டாளர் எச்சரிக்க நேரும். வேகமானியோ சரியான வேகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கடிகாரத்தை உயர்த்தாமலே முதன்மை இழையை விரைவுபடுத்த முடியும் என்பதை ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலி 2022இல் காட்டியது. அதே குடும்பத்தின் 5800எக்ஸ் செயலியின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், செயலிக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகமான மூன்றாம் நிலைக் கேஷ் 32 மெகாபைட். புதியதன் உச்ச வேகம் 4.5தான், ஆனால் சில்லின் மீது மற்றொரு அடுக்கை ஒட்டி அதன் கேஷ் 96 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டிருந்தது. வேகம் குறைந்த இந்தச் செயலியே சிமுலேட்டரில் தெளிவாக முந்தியது. சிமுலேட்டரின் தரவுகள் நினைவகமெங்கும் சிதறிக் கிடப்பவை. கேஷில் இல்லாத ஒன்றை முதன்மை நினைவகத்திலிருந்து கொண்டுவர ஏறத்தாழ 80 நானோவினாடி ஆகும் என்று கொண்டால், 4.5 கிகாஹெர்ட்ஸில் அது 360 துடிப்புகள். வேகமான செயலி என்று நாம் வாங்குவது, பெரும்பாலான நேரம் வேகமாகக் காத்திருக்கிறது.

மென்பொருள் பக்கத்திலும் மாற்றங்கள் நடக்கின்றன. எக்ஸ்-பிளேன் 2020இல் வல்கன் வரைகலை இடைமுகத்துக்கு மாறியதால் வரைவு ஆணைகளைத் தயாரிக்கும் செலவு குறைந்தது. கிராபிக்ஸ் கார்டு இரண்டு உண்மை ஃபிரேம்களுக்கு இடையில் ஒன்றைத் தானே புனைந்து செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் உத்தியும் பரவியிருக்கிறது. முதன்மை இழையைத் தொடாமல் கண்ணுக்கு மென்மையான அசைவைத் தருவதால், நெரிசலான விமான நிலையங்களில் அது பெரும் நிம்மதி. ஆனால் 60 என்று எண் காட்டும்போதும் இறக்கையின் விசைகள் 30 ஃபிரேமுக்கு உரிய தாளத்திலேயே கணக்கிடப்படுகின்றன. ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் விமானம் பழைய வேகத்திலேயே, சில சமயம் இன்னும் சற்றுப் பிந்தியே பதில் தரும். இதை அறிந்தவர்கள் தெளிதிறனைக் குறைத்துப் பார்த்து ஏமாறாமல், நிலப்பரப்பு விவரத்தின் எல்லை, போக்குவரத்தின் அளவு, காக்பிட்டின் மின்னணுத் திரைகளின் புதுப்பிப்பு வேகம் என்னும் மூன்று அமைவுகளைத்தான் முதலில் குறைக்கிறார்கள், ஏனெனில் மூன்றும் செயலியின் மீது நேராக விழும் சுமைகள்.