களத்துக்குப் போகும் முன் மனத்துக்கும் ஒத்திகை வேண்டும்

சமூக நல்லிணக்கம், சாதி எதிர்ப்பு, சுற்றுச்சூழல் என்று ஏதேனும் ஒன்றுக்காகக் களத்தில் நிற்பவர்கள் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும்போது, பெரும்பாலும் முதலில் சொல்வது தூக்கம் வருவதில்லை என்பதைத்தான். சற்று நேரம் பேசினால் மற்றவையும் வெளியே வரும். பிள்ளை உரக்கச் சிரித்தால்கூட எரிச்சல். வன்முறைக் காணொளிகளை நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம். எதிர்த்தரப்பின் மேல் இருப்பதைவிட, சொந்த அமைப்பில் உடன் உழைப்பவர்கள் மேல் அதிகக் கோபம். அமைதிக்காகப் பாடுபடும் ஒரு குழு உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்து, சமூக ஊடகத்தில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேதனையாக இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம் அத்தனை தேவையானது.

இவர்களிடம் மன அமைதி என்று பேச்செடுத்தால் முகம் இறுகிவிடுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. ‘அமைதியாக இரு’ என்ற அறிவுரை நம் சமூகத்தில் அடித்தவனிடம் சொல்லப்படுவதே இல்லை; அடி வாங்கியவளிடமும், தேநீர்க் கடையில் தனிக் குவளை நீட்டப்பட்டவரிடமும்தான் சொல்லப்படுகிறது. வார இறுதியில் மலையடிவார விடுதிக்குப் போய், செய்தித்தாளையே தொடாமல் கண்மூடி உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதையும் மன அமைதி என்று விற்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்பதில்லை. அநீதியைக் கண்டு எழும் சினம் நலமான மனத்தின் அடையாளம். அந்தச் சினம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடாமல் அதைக் கையில் வைத்திருக்கும் வலிமையைத்தான் மன அமைதி என்கிறேன். அது சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்ப்பது என்று நினைக்க வேண்டாம். முன்கூட்டியே, உடலாலும், மற்றவர்களோடு சேர்ந்தும் பழகினால் எவருக்கும் வரும்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துச்சொல்லும் சான்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பினத்தவர், மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் ஊழியர், கொரியப் போர்க்காலத்தில் கட்டாய ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்றவர். விடுதலையான பின் 1953இல் நாகபுரிக்கு வந்து ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றினார். காந்தியின் சத்தியாகிரக முறைகளை ஊன்றிக் கற்றது அங்கேதான். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள், இருக்கைகளில் காட்டப்பட்ட நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பஸ்களைப் புறக்கணிக்கும் செய்தியையும் நாகபுரியில் இருந்தபடியே செய்தித்தாளில் படித்தார். நாடு திரும்பியபின் 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். தாமதிக்காமல் தென்மாநிலங்களுக்கு வாருங்கள் என்று கிங் வற்புறுத்த, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் குடியேறினார்.

அந்த நகரத்துப் பெரிய கடைகளில் கறுப்பின மக்கள் காசு கொடுத்துப் பொருள் வாங்கலாம். அதே கடையின் சிற்றுண்டி மேடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதை எதிர்க்க மாணவர்களைத் தயார்ப்படுத்த ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் லாசன் பயிலரங்குகள் நடத்தினார். டயான் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல் ஆகியோர் அங்கே உருவானவர்கள். பாதிப் பேர் வெள்ளையின வெறியர்களாக நடிப்பார்கள். வசைமொழி பொழிவார்கள், நாற்காலியை இழுப்பார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், தள்ளுவார்கள். மற்றவர்கள் திருப்பி அடிக்காமலும் எழுந்து ஓடாமலும் இருக்கப் பழகுவார்கள். விழுந்தால் தலையைக் காத்துக்கொள்வது, பக்கத்தில் இருப்பவர் தாக்கப்பட்டால் குறுக்கே உடலைக் கொடுப்பது, தாக்குபவரின் கண்ணைப் பார்ப்பது என எல்லாவற்றுக்கும் ஒத்திகை. பிறகு உட்கார்ந்து, உள்ளே என்ன நடந்தது என்று பேசுவார்கள். டயான் நாஷுக்கு இந்த வழி பலிக்கும் என்று தொடக்கத்தில் நம்பிக்கை இல்லை. இருந்தும் தொடர்ந்து வந்தார்.

இந்தப் பயிற்சி ஏன் வேலை செய்கிறது என்று என் துறை சார்ந்து சொல்ல முடியும். ஒருவர் நம்மை அவமதிக்கும் கணத்தில், யோசிக்கும் முன்பே உடல் போருக்குத் தயாராகிவிடுகிறது. இதயம் விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, கவனம் குறுகிவிடுகிறது. ‘அகிம்சைதான் சரி’ என்ற கொள்கை அப்போது மனத்தில் இருந்தாலும் கைக்கு எட்டுவதில்லை. பாதுகாப்பான இடத்தில், நம்பிக்கையானவர்கள் நடுவில், அதே வசையைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய உடல் மட்டுமே அந்த நேரத்தில் ஒரு நொடி நிதானிக்கிறது. அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டும்.

1960 பிப்ரவரி 13 அன்று நாஷ்வில் மாணவர்கள் முதன்முதலாகப் பெருந்திரளாகப் போய் அந்தச் சிற்றுண்டி மேடைகளில் அமர்ந்தார்கள். பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் அவர்களை அடித்து இருக்கைகளிலிருந்து இழுத்துப் போட்டது. போலீஸ் கைது செய்ததோ மாணவர்களைத்தான். ஒரு வரிசை கைதானதும் அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தது. நிமிர்ந்து உட்கார வேண்டும், திட்டினால் திருப்பித் திட்டக் கூடாது, எல்லோரிடமும் மரியாதையாக நடக்க வேண்டும் என்ற விதிகள் எழுத்திலேயே அவர்கள் கையில் இருந்தன. ஏப்ரல் 19 அன்று அவர்களுடைய வழக்கறிஞரின் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நகர மன்றத்துக்கு நடந்தார்கள். நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தவறுதானே என்று டயான் நாஷ் மேயரிடம் நேருக்கு நேர் கேட்டார். தவறுதான் என்று கூட்டத்துக்கு முன்னால் மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகள் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறின.

லாசனைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியையும் பயிற்சிகளில் சொல்வேன். தெருவில் ஒரு வெள்ளை இளைஞன் அவர் மேல் துப்பினான். லாசன் அவனிடம் கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். திகைத்துப்போன அவன் எடுத்துக் கொடுத்தான். துடைத்துக்கொண்டு, அவனுடைய வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். சிறிது நேரம் இருவரும் அதைப் பற்றியே பேசினார்கள். இதில் பணிவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய கவனம். எதிரே நிற்பவனைத் தெளிவாகப் பார்க்க அவரால் அப்போதும் முடிந்திருக்கிறது.

என் அனுபவத்தில் இதற்கு நெருக்கமாக ஒன்று உண்டு. திருவிழாத் தகராறுகளுக்குப் பின் இரண்டு தெருக்களுக்கும் நடுவே சமாதானம் பேசப் போகும் ஒருவர், தாயைப் பழித்து யாராவது பேசிவிட்டால் அதற்குமேல் எதுவுமே காதில் விழுவதில்லை என்று சொன்னார். அவரும் குழுவினரும் அந்த வசைகளையே வைத்து ஒத்திகை பார்த்தார்கள். பின்பு ஒருமுறை, அதே வசைக்கு அடுத்து வந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தது: எங்கள் வீட்டுப் பிணத்தை எந்த வழியாகக் கொண்டுபோவது? பேச்சுவார்த்தை சுடுகாட்டுப் பாதையை நோக்கித் திரும்பியது அந்த வாக்கியத்தால்தான்.

குழுக்களோடு நான் தொடங்கும் இடம் மிக எளிமையானது. கோபம் முதலில் உடலில் எங்கே தெரிகிறது என்று ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்குத் தாடை, சிலருக்குத் தொண்டை, சிலருக்கு வயிறு. அடுத்தது மூச்சு. உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் தினமும் சில நிமிடங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செய்தாலும் போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும். மோதல் வந்தபின் தொடங்கினால் பயன் குறைவு. ஒத்திகைக்கு நேர வரம்பும், எவர் சொன்னாலும் உடனே நிறுத்திவிடும் ஒரு சொல்லும் இருக்கட்டும். முன்பு வன்முறைக்கு ஆளானவரைத் தாக்கப்படுபவராக நடிக்க வைக்கவே கூடாது. களத்தில் நிகழ்ச்சி முடிந்ததும், சமூக ஊடகத்தில் பதிவு போடும் முன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள்.

ஓய்வைக் குற்றமாகப் பார்க்கும் அமைப்புகள் பல. வியட்நாமில் போர் நடுவே கிராமங்களில் தொண்டு செய்த இளைஞர்களுக்கு வழிகாட்டிய பௌத்தத் துறவி திக் நியட் ஹான், 1966இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் உறுப்பினர்கள் ஆறு பேரும் வாரத்தில் ஒரு நாளைத் தியானத்துக்கென்றே ஒதுக்கினார்கள். குண்டு விழும் நாட்டில் அவர்களால் அந்த ஒரு நாளை ஒதுக்க முடிந்தது.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, பார்த்த வன்முறை கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அமைப்புகளை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தோழர் ஒருவர் இந்த வாரம் என்னால் முன்வரிசையில் நிற்க முடியாது என்று சொன்னால், அவருடைய பற்றுறுதியைச் சந்தேகிக்காமல் வேறு வேலை கொடுங்கள் அல்லது விடுப்புக் கொடுங்கள். திரும்பி வரும்போது பழைய பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள்.