ட்ரோல்: கலாய்க்கிறதா, வம்பிழுக்கிறதா?

எங்க காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல போன மாசம் ஒரு சண்டை. ஒருத்தன் உடம்பு முடியாம இளைச்சுப் போயிருந்தான், அவன் போட்டோவ வச்சு இன்னொருத்தன் ஸ்டிக்கர் பண்ணிப் போட்டுட்டான், பத்து பேர் சிரிச்சாங்க, அவன் சத்தமே இல்லாம குரூப்ப விட்டு வெளிய போய்ட்டான். அப்புறம்தான் எல்லாருக்கும் உறைச்சுது, "இனிமே இங்க ட்ரோல் பண்ணக்கூடாதுனு ரூல் போடுடா"னு ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. அட்மின் நான்தான். டைப் பண்ண உக்காந்தா கை ஓடல, ஏன்னா எங்க குரூப்ல ட்ரோல எடுத்துட்டா மிச்சம் இருக்கப்போறது குட்மார்னிங் மெசேஜ் மட்டும்தான். அதான் அந்த வார்த்தையையே கொஞ்சம் நோண்டிப் பாத்தேன்.

ட்ரோல்னா நார்வே, சுவீடன் பக்கத்துக் கதைகள்ல வர்ற பூதம், மலையிலயும் குகையிலயும் இருக்கும், அதுலேர்ந்துதான் நெட்டுக்கு வந்துச்சுனு நான் நெனச்சிட்டு இருந்தேன். அது வேற ட்ரோலாம். நம்ம ட்ரோல் மீன்பிடியில இருக்குற சொல்: ஓடுற படகுக்குப் பின்னால எரை மாட்டின தூண்டில மெதுவா இழுத்துட்டே போறது, எது வந்து கடிக்குதோ கடிக்கட்டும்னு. அதுக்கும் பின்னாடி போனா பழைய பிரெஞ்சு மொழியில வேட்டைக்காரன் எங்கயாவது எதாவது மாட்டுமானு சும்மா சுத்தி வர்றதக் குறிக்கிற சொல் இருக்கு. (பாக் ஜலசந்தி பிரச்சனையில அடிக்கடி அடிபடுற ட்ராலர் இது இல்ல, அது இழுவை வலையில அள்ளிட்டு வர்ற படகு. இங்க இருக்குறது வெறும் தூண்டில்.)

நெட்டுக்கு இது வந்தது 1990-கள் ஆரம்பத்துல, யூஸ்நெட்னு நெட்ல பழைய காலத்து அரட்டைக் குழுக்கள் இருந்த காலத்துல. அங்க ஊர்க் கட்டுக்கதைகளப் பத்தி அரட்டை அடிக்கிற ஒரு கூட்டத்துல பழைய ஆளுங்க, ஆயிரம் தடவ பேசித் தீத்த ஒரு கேள்விய ஒண்ணுமே தெரியாத மாதிரி திரும்பப் போடுவாங்க. பழசுங்க எல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சிட்டு வேடிக்க பாக்கும், புதுசா வந்தவன் மட்டும் பக்கம் பக்கமா பதில் எழுதுவான். மாட்டிக்கிச்சு மீன். அப்போ அதுல பெரிய விஷம் எல்லாம் கெடையாது, பின்னாடிதான் ஆள வெறுப்பேத்தி ரத்தம் பாக்குற வேலைக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு, "ட்ரோலுக்குத் தீனி போடாத"னு சொல்றப்ப தூண்டிலும் பூதமும் ஒண்ணா கலந்துபோச்சு.

தமிழுக்கு வந்ததும் இன்னொரு திருப்பம். இங்கிலீஷ்ல ட்ரோல்னா அத செய்யிற ஆளும்தான், செய்யிறவனப் பாத்துதான் திட்டுவாங்க. நம்ம ஆளுங்க அத செயலா எடுத்துக்கிட்டு 'பண்ணு' சேத்துட்டோம். "அவன ட்ரோல் பண்ணாங்க"னா யார் பண்ணதுனு யாரும் கேக்கறதில்ல, வாங்கினவன் பேருதான் நிக்கும். அதோட எரை, தூண்டில், ஏமாந்து கடிக்கிறது எல்லாம் கழண்டு போய், ஒருத்தர வச்சு சிரிக்கிற எல்லாமே ட்ரோல் ஆயிடுச்சு.

பழைய அர்த்தத்துல அசல் ட்ரோல் பாக்கணும்னா 2019 மே மாச நேசமணிதான். ஃபேஸ்புக்ல ஒரு சிவில் இன்ஜினியரிங் பக்கத்துல சுத்தியல் படம் போட்டு உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருனு கேட்டாங்க, நம்ம ஆள் ஒருத்தர் 'சுத்தியல்'னு சொல்லிட்டு, காண்ட்ராக்டர் நேசமணி தலை இதாலதான் உடைஞ்சுதுனு சீரியஸா எழுத, அதப் படிச்ச இன்னொருத்தர் அவர் இப்ப நல்லா இருக்காரானு கேக்க, அவ்ளோதான், உலகமே பிரார்த்தனை பண்ணுச்சு. அடிபட்டது 2001-ல வந்த படத்துல வடிவேலு நடிச்ச ஒரு கேரக்டர். நெஜத்துல ஒருத்தருக்கும் வலிக்கல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? கிண்டல், கேலி, நக்கல், நையாண்டி, பகடினு ஒரு மூட்டை இருக்கு. பழக்கத்துல நெருக்கமா இருக்குறது 'கலாய்'. ஆனா அது ஒண்ணும் அப்பாவிச் சொல் இல்ல, பழைய அகராதியில கலாய்த்தல்னா கோவப்படுறது, சண்டை போடுறது. கலாம்னாலே சண்டைதான். சண்டைக்கான சொல் நம்ம வாயில எப்படியோ விளையாட்டா மாறிடுச்சு, ட்ரோல் அங்க விளையாட்டுல ஆரம்பிச்சு சண்டையில போய் நின்னுடுச்சு.

ஆள வேணும்னே சீண்டி ரியாக்ஷன் வாங்குற அந்த ட்ரோலுக்கு என் ஓட்டு 'வம்பிழு'க்குத்தான். தூண்டில இழுக்குற மாதிரியே இதுலயும் 'இழு' இருக்கு பாருங்க. இன்னொண்ணு, சங்கப் பாட்டுல வம்பலர்னா வழிப்போக்கர், ஊருக்குப் புதுசு, பாலை வழியில வழிப்பறி பண்ற மறவர்கிட்ட மாட்டிக்கிற ஆளுங்க. யூஸ்நெட்ல மாட்டினதும் புதுசுங்கதானே. ரெண்டு மொழிக்கும் சம்பந்தம் எதுவும் இல்ல, தற்செயல்தான், ஆனாலும் எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. செய்யிற ஆளுக்கு 'வம்பன்'னு ரெடிமேடா சொல்லும் இருக்கு.

இப்ப ஸ்டிக்கர் விஷயம். அது வம்பிழுக்கிறதும் இல்ல, போட்டவன் பாசமாத்தான் போட்டான். இங்கதான் தொல்காப்பியம் கைகொடுத்துச்சு. நகை, அதாவது சிரிப்பு, எதுலேர்ந்து பொறக்கும்னு "எள்ளல் இளமை பேதைமை மடன்"னு நாலு சொல்லுது, அதுல எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு, உரை எழுதின பேராசிரியர்ங்கிற பேர் கொண்ட பழைய உரைகாரர், தான் பிறர எள்ளி சிரிக்கிறது, பிறர் தன்ன எள்ளும்போது தான் சிரிக்கிறதுனு ரெண்டையும் சேத்துக்கிறார். வாங்கினவனும் சிரிக்கணும்! அடுத்தடுத்து வர்ற இளிவரல்ங்கிற தனிக் கணக்குல, அதாவது ஆளு கூனிக் குறுகிப்போற எடத்துல, "மூப்பே பிணியே வருத்தம் மென்மை"னு வேற நாலு. மென்மைக்கு வறுமைனு பொருள் சொல்றாங்க. வயசு, நோய், கஷ்டம், காசில்லாம இருக்குறது. நாங்க இளிவரல்ல இருந்த ஒருத்தன நகைப் பக்கம் இழுத்துட்டு வந்து போட்டுருக்கோம்.

கடைசியில குரூப் டிஸ்கிரிப்ஷன்ல 'ட்ரோல்'ங்கிற சொல்லே வைக்கல. "கலாய்க்கலாம், வம்பிழுக்கக் கூடாது, உடம்பு, வேல, காசு பக்கம் போகாதீங்க"னு போட்டேன். போட்ட ரெண்டாவது நிமிஷம் 'புலவர் அட்மின்'னு என் மூஞ்சியோட ஸ்டிக்கர் வந்துச்சு. சேவ் பண்ணி வச்சிருக்கேன். வெளிய போனவனுக்கு நானே போன் பண்ணேன், இன்னும் திரும்ப வரல.