சாகசம் அல்ல, துணிவு

'மூன்று நாள் சாகச முகாம். தரம் 9 முதல் 11 வரை. ஆளுமை விருத்திக்கு அரிய வாய்ப்பு.' மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் விடுமுறை நெருங்கினால் பெற்றாருக்கு வரும் கடிதம் இப்படித்தான் தொடங்கும். ஆளுமை விருத்தி நல்ல சொல். பழுது சாகசத்தில் இருக்கிறது. முகாமிலும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

சாகசம் என்று இங்கே மொழிபெயர்ப்பது ஆங்கில 'அட்வென்சர்' என்பதை. அது இலத்தீன் வேரில் பிறந்த சொல். 'வந்து சேரவிருப்பது' என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வரப்போவது நல்லதா கெட்டதா என்று முன்கூட்டித் தெரியாது. அதன் கரு அவ்வளவுதான். வீரம் பிறகு ஏறியது.

சாகசம் வடசொல். மனுநூலில் அது ஒரு குற்றத்தின் பெயர். உடையவன் கண்முன்னே பலவந்தமாகச் செய்தால் சாகசம், அவன் காணாமல் எடுத்தால் களவு. தண்டப் பணத்துக்கும் அதே பெயர்தான்: முதற் சாகசம் 250 பணம், இடைச் சாகசம் 500, கடைச் சாகசம் 1000. 'அதெல்லாம் பழங்கதை, இன்றைய வழக்கைப் பார்' என்பார்கள். சரி, பார்ப்போம். சாகசக்காரி என்றால் இன்றைக்கும் பசப்புக்காரி. செய்தித்தாளில் சாகசம் எப்போது வருகிறது? மோட்டார் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடி விழுந்தவனுக்கு, சர்க்கஸ் கம்பியில் தொங்குபவருக்கு, வானத்தில் குட்டிக்கரணம் போடும் விமானத்துக்கு. பார்க்க ஆள் இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றும் சாகசம் இல்லை.

மாணவரை வெளியே கூட்டிப்போய்ப் பயிற்றுவதன் நோக்கம் இதற்கு நேர்மாறு. அந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்த அவுட்வர்ட் பவுண்ட் என்னும் பயிற்சிப் பள்ளி, 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் கேர்ட் ஹானும் கப்பல் உரிமையாளர் லோரன்ஸ் ஹோல்டும் தொடங்கியது. போர்க்காலத்தில் கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகள் உயிர் தப்பப் பழகவேண்டும் என்பதே தேவை. துறையை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலைச் சொல்லும் மாலுமிப் பேச்சுத்தான் அந்தப் பெயர். கைதட்ட அங்கே யாரும் இல்லை.

வாவியில் தோணி விடுவதையே எடுங்கள். ஏறுமுன் லைஃப் ஜக்கெட்டின் தோள்பட்டிகளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கவேண்டும். காதுவரை எழும்பினால் வார் தளர்வு. தண்ணீரில் அது முகத்தை மூடும். வெயில் ஏறிக் காற்று எழும்புமுன் திரும்பிவிடவேண்டும். யூன், யூலையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். பாசிக்குடாக் கடலில் கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும், சற்றுத் தள்ளிப் போனால் காற்று தோணியைத் திரும்ப விடாது. அமைதியைப் பார்த்து ஏமாறுவது அங்கேதான். தோணிக்குள் எழுந்து நிற்பவனால்தான் பெரும்பாலும் கவிழும். கவிழ்ந்தால் தோணியைப் பிடித்தபடி கிடக்கவேண்டும், கரை கிட்டத்தானே என்று நீந்தக்கூடாது. இப்போது ஒரு பதினான்கு வயதுப் பொடியனிடம் 'இது சாகசம்' என்று சொல்லிப் பாருங்கள். எழுந்து நிற்பான். சொல் அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இதற்குத் தமிழ் துணிவு. துணித்தல் வெட்டுதல், துணிதல் முடிவெடுத்தல், துணிபு என்றால் முடிவு. இரண்டுபட்ட மனத்தை வெட்டி ஒருபக்கம் போடுவதுதான் துணிவு. அச்சமின்மை அதன் பாதிதான். 'எண்ணித் துணிக கருமம்' என்ற 467ஆம் குறள் எண்ணுவதை முன்னுக்கு வைக்கிறது. காற்றைப் பார்த்து 'இன்றைக்கு வேண்டாம்' என்று கரையில் இருப்பதும் துணிவுதான். அதைச் சாகசம் என்று எவராவது சொல்வார்களா? மாலையில் வட்டமாக இருந்து 'என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாளை எதை மாற்றுவோம்' என்று பேசவேண்டும். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் மூன்று நாளும் வெறும் சுற்றுலா, ஆளுமை ஒன்றும் வளராது.

'வீரச்செயல்' என்று எழுதும் தூய தமிழ்க்காரர் ஒன்றைக் கவனிக்கவில்லை: வீரமும் வடசொல்தான். போதாததற்கு வீரத்துக்கு எதிரி வேண்டும். வாவி யாருக்கு எதிரி? துணிகரம் கிட்ட வந்த சொல், ஆனால் பத்திரிகைக்காரர் அதைக் கொள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அருஞ்செயல் செய்து முடித்தபின் மற்றவர் சொல்லவேண்டிய பாராட்டு. அழைப்புக் கடிதத்தில் போடுவது தற்புகழ்ச்சி.

மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தால் முதலில் கிடப்பதை எடுக்கிறார், காதில் போட்டுப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட் சோன்' என்னும் பழகிய, பயமில்லாத நிலைக்கு 'வசதி வலயம்' என்று ஒருவர் எழுதுகிறார். இந்த ஊரில் வலயம் என்றால் ஒன்று கல்வி வலயம், இல்லாவிட்டால் போர்க்காலத்து உயர் பாதுகாப்பு வலயம். 'வசதி வலயத்தை விட்டு வெளியேறுங்கள்' என்றால் கேட்பவருக்கு ஒலிபெருக்கி அறிவித்தல் ஞாபகம் வரும். 'தனிநபர் வளர்ச்சி'யோ தனிநபர் வருமானத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. கையில் ஆளுமை விருத்தி இருக்க இது ஏன்?

கடைசியாக முகாம். அரபு வழிச் சொல், தங்குமிடம் என்பதற்கு மேல் அதில் குற்றமில்லை. ஆனால் இங்கே இராணுவமும் முகாமில்தான் இருந்தது, இடம்பெயர்ந்த சனமும் முகாமில்தான் இருந்தது. 'பிள்ளை முகாமுக்குப் போயிருக்கு' என்றால் அம்மம்மா இன்னும் திடுக்கிடுவா. சாரணர் வழங்கும் பாசறை போதும். அதுவும் போர்ச்சொல்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் அது முல்லைப்பாட்டு அரசனின் போர். அம்மம்மாவுக்கு அதில் பயமில்லை.

துணிவுப் பாசறை என்று எழுதுங்கள். நடுவில் 'ப்' மிகும். பதாகை அடிப்பவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.