சம்பள மென்பொருளில் விடுப்பு வகைகள்: சட்டம் சொல்வதும் திரை கேட்பதும்

ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளராகச் சேர்ந்த பையனுக்கு இரண்டாவது மாதமே டெங்கு வந்தது. ஒன்பது வேலை நாட்கள் வரவில்லை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை எடுத்தால் ஐந்து நாள் சம்பளம், அதாவது 3,000 ரூபாய், பிடித்தம். முதலாளி பிடிக்கச் சொல்லவில்லை. மென்பொருள் பிடித்தது; அதற்கு அப்படிச் சொல்லிவைத்தவன் நான். நோய் விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12 என்று சரியாகத்தான் தட்டச்சு செய்திருந்தேன். அதற்குக் கீழே ‘மாதம் ஒன்றாக வரவு வை’ என்ற கட்டத்தில் டிக் அடித்ததுதான் தவறு. இரண்டு மாதத்தில் அவன் கணக்கில் இரண்டும் இரண்டும் நான்கு நாள்தான் இருந்தது. மீதி ஐந்தை மென்பொருள் ஊதியமில்லா விடுப்பில் தள்ளிவிட்டது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இதை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்போம். அதன் 25-ஆவது பிரிவில் மூன்று பன்னிரண்டுகள் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் பன்னிரண்டு மாதத்திலேயே நோய்க்கோ விபத்துக்கோ சம்பளத்துடன் 12 நாள் வரை விடுப்பு. நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பாக 12 நாள் வரை. பின்வரும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் இதே கணக்கு. ஓராண்டுப் பணியை முடித்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்துடன் இன்னொரு 12 நாள். நாம் ஈட்டிய விடுப்பு என்று சொல்வது இதைத்தான். இதை 24 நாள் வரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம். மாதத் தவணையாக நோய் விடுப்பைக் கொடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. காய்ச்சல் தவணையில் வருவதில்லை என்பது 1947-இல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்ததே என்று கேட்கலாம். புதிதாகப் பதிவானவருக்கு நோய்க்கால உதவித்தொகை உடனே கிடைக்காது. முதல் பயன் காலம் தொடங்கச் சுமார் ஒன்பது மாதம் ஆகும். ஆக, அந்த இடைவெளியில் அவனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, நான் டிக் அடித்து அடைத்துவிட்ட அந்தப் பன்னிரண்டு நாள்தான்.

ஆகவே நோய் விடுப்பு, தற்செயல் விடுப்பு இரண்டுக்கும் ‘முழுவதும் தொடக்கத்திலேயே வரவு’ என்று வையுங்கள். ‘எந்த ஆண்டு?’ என்று திரை கேட்கும்: ஜனவரி முதலா, ஏப்ரல் முதலா, பணியில் சேர்ந்த நாள் முதலா? சட்டத்தின் ஆண்டு சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது. பத்து, இருபது பேர் உள்ள கடைக்கு அதையே வைத்துவிடுவது நல்லது. எல்லோருக்கும் ஒரே நாளில் கணக்கு முடிய வேண்டும் என்று ஜனவரியைப் பிடித்துக்கொண்டால், அக்டோபர் 1 அன்று சேர்ந்தவருக்கு மென்பொருள் விகிதாசாரம் போட்டு மூன்று நாள் கொடுக்கும். நவம்பரில் அவர் படுத்துவிட்டால் பழைய கதைதான். ஜனவரி வேண்டுமென்றால் புதியவர்களுக்கு விகிதாசாரத்தை அணைத்துவிடுங்கள். முதலாளிக்குச் சில நாட்கள் கூடுதலாகப் போகலாம்; சட்டத்துக்குக் குறைவாகப் போகாது.

ஈட்டிய விடுப்புக்கு நேர்மாறான அமைப்பு வேண்டும். முதல் பன்னிரண்டு மாதம் வரவு பூஜ்யம். பதின்மூன்றாம் மாதத் தொடக்கத்தில் 12. இங்கே இரண்டு கட்டங்களை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கு எத்தனை நாளைக் கொண்டுசெல்லலாம் என்பது ஒன்று. மொத்த இருப்பு எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பது வேறொன்று. சட்டத்தின் 24, மொத்த இருப்புக்கானது. வரம்பைத் தாண்டியதை மென்பொருள் சத்தமில்லாமல் அழித்துவிடும். ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே யார் யாருக்கு எத்தனை நாள் காலாவதியாகப் போகிறது என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். எழுதிக் கேட்டு, மறுக்கப்பட்டு, பிறகு வேலையை விட்டவருக்கும், கேட்கும் முன்பே நிறுவனத்தால் பணிநீக்கப்பட்டவருக்கும் அந்த நாட்களுக்கான பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எனவே ‘மறுக்கப்பட்டது’ என்ற பதிவு மென்பொருளில் தங்க வேண்டும். வாய்மொழியாக ‘தீபாவளி முடியட்டும் தம்பி’ என்று சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

இந்தச் சட்டத்தின் விதிகள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு நிறுவனம் தானே வகுத்த விதிதான். மென்பொருளில் ‘யாருக்கு?’ என்ற கட்டத்தில் மேலாளர்களுக்குத் தனிக் குழு வைத்தால் பின்னால் குழப்பம் வராது.

தொழிற்சாலை என்றால்

பின்னலாடைத் தொழிற்சாலைக்கோ பட்டறைக்கோ மேற்சொன்ன பன்னிரண்டுகள் பொருந்தாது. பழைய தொழிற்சாலைகள் சட்டம், 1948-இல் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த 240 இப்போது 180 ஆகிவிட்டது. இருபதுக்கு ஒன்று என்ற விகிதமும், 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்பதும் அப்படியே. ஆண்டு முடிவில் கேட்டால் விடுப்பைப் பணமாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது புதிது. விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டால் 30 என்ற வரம்பு அந்த நாட்களுக்கு இல்லை.

பல மென்பொருள்களின் வார்ப்புருவில் இன்னும் 240 உட்கார்ந்திருக்கிறது. ஒரு தையல்காரர் ஆண்டில் 210 நாள் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வார்ப்புரு அவருக்கு ஒன்றும் கொடுக்காது. இன்றைய கணக்கில் அவருக்குப் பதினொரு நாள் உண்டு (பத்தரையில் அந்த அரை நாள் முழு நாளாகிறது). மகப்பேறு விடுப்பிலோ, வேலை இல்லாமல் நிறுவனமே தற்காலிகமாக நிறுத்திவைத்த ‘லே-ஆஃப்’பிலோ இருந்த நாட்கள் 180-ஐ எட்டுவதற்குச் சேரும், ஆனால் அந்த நாட்களுக்கு விடுப்பு முளைக்காது. இந்த வேறுபாட்டை வைத்துக்கொள்ள மென்பொருளில் இரண்டு எண்ணிக்கைகள் வேண்டும்: தகுதிக்கான நாட்கள், ஈட்டுவதற்கான நாட்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், மகப்பேறு முடிந்து வந்தவர்களின் கணக்கை மட்டும் கையால் சரிபார்த்துவிடுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் வணிக நிறுவனமும் இந்தத் தொகுப்பின் வரம்புக்குள் வருகிறது. ஆண்டில் 300 நாள் வேலை செய்த ஊழியருக்கு இதன்படி 15 நாள், கடைகள் சட்டப்படி 12. எதை வைப்பது என்று என்னைக் கேட்டால், ஊழியருக்குக் கூடுதலாகக் கிடைப்பதை வையுங்கள் என்பேன். மூன்று நாள் சம்பளத்தை மிச்சப்படுத்தப் போய் வழக்குக்கு அலைந்தவர்கள் உண்டு.

பண்டிகை, விடுப்பு வகை அல்ல

‘பண்டிகை விடுப்பு 9’ என்று ஒரு வகையை உருவாக்கி, ஊழியரை விண்ணப்பிக்கச் சொல்கிற அமைப்பைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது விடுப்பு அல்ல, விடுமுறை. யாரும் கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அதோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. மென்பொருளில் இவற்றுக்கு விடுமுறைப் பட்டியல் என்று தனி இடம் இருக்கும். அங்கே போடுங்கள். அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் மாற்று விடுமுறையும்.

2025-இல் அக்டோபர் 2 அன்றே விஜயதசமியும் வந்தது. பட்டியலில் காந்தி ஜெயந்தி ஒன்று, விஜயதசமி ஒன்று என்று இரண்டு வரி போட்டவர்களுக்கு வரிகள் ஒன்பது, நாட்கள் எட்டு. மென்பொருள் வரியை எண்ணி ‘சரி’ என்று பச்சை காட்டும். நீங்கள் நாட்காட்டியை எண்ணுங்கள். தேர்தல் ஆண்டில் வாக்குப்பதிவு நாளும் சம்பளத்துடன் விடுமுறை. அதை அந்த ஒன்பதில் கழிக்கக்கூடாது.

விடுப்புக்கு இடையில் ஞாயிறோ பண்டிகையோ வந்தால் அதையும் விடுப்பாக எண்ணவா என்று திரை கேட்கும். தொழிற்சாலையின் ஈட்டிய விடுப்பில் எண்ணக்கூடாது, சட்டமே விலக்கியிருக்கிறது. மற்ற விடுப்புகளிலும் நான் எண்ணுவதில்லை. சனியும் திங்களும் பேருந்து கிடைக்காமல் ஊரில் தங்கியவருக்கு ஞாயிற்றையும் சேர்த்து மூன்று நாள் வெட்டுவது கணக்கு அல்ல, கோபம்.

மகப்பேறு: மூன்று கட்டங்கள்

முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாள்; அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவுக்கு ஆறு வாரம். குழந்தையைத் தத்தெடுத்தால் 12 வாரம். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

மென்பொருளில் கவனிக்க வேண்டியவை மூன்று. இந்த 182, நாட்காட்டி நாட்கள். ‘வேலை நாள் மட்டும்’ என்று வைத்தால் விடுப்பு ஏழு மாதம் இழுக்கும். ‘திருமணமானவர்களுக்கு மட்டும்’ என்ற வடிகட்டி சில மென்பொருள்களில் இருக்கிறது. அதில் டிக் இருக்கக்கூடாது, சட்டம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. மூன்றாவதுதான் பணம் தொடர்பானது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரப் பணத்தை, அங்குள்ள தகுதி இருந்தால், இ.எஸ்.ஐ.யே வங்கிக் கணக்கில் போடுகிறது, நிறுவனம் கொடுப்பதில்லை. அதற்கு மேல் வாங்குபவருக்கு நிறுவனம் கொடுக்க வேண்டும். ஆகவே மகப்பேறு விடுப்பை இரண்டு வகையாகப் பிரித்து உருவாக்குங்கள். ஒரே வகையாக ‘சம்பளத்துடன்’ என்று வைத்தால் இரண்டு இடத்திலிருந்து பணம் போகும். பிறகு கைக்குழந்தையோடு இருப்பவரிடம் திருப்பிக் கேட்கும் சங்கடம்.

இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவிக்கும் இதே போலத் தனி வகை வேண்டும். அது சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. நிறுவனம் சம்பளம் கொடுத்த விடுப்பு நாளுக்கு அங்கே உதவித்தொகை கிடையாது. எந்த நாள் எந்தக் கணக்கில் என்பது பதிவில் பிரிந்து தெரிய வேண்டும்.

ஊதியமில்லா விடுப்பு: எதால் வகுப்பது?

சம்பளம் 15,600. ஒரு நாள் வரவில்லை. 26-ஆல் வகுத்தால் 600, 30-ஆல் வகுத்தால் 520. முன்னது நம் ஊரில் நிரந்தர வழக்கம். ஆனால் 31 நாளும் நான்கு ஞாயிறும் உள்ள மாதத்தில் வேலை நாட்கள் 27. அந்த மாதம் முழுவதும் வராதவருக்கு 27-ஐ 600-ஆல் பெருக்கி 16,200 பிடிக்கிறது மென்பொருள். சம்பளத்தைவிட 600 அதிகம். சிரிப்பாக இருக்கும், ஆனால் சீட்டில் கழித்தல் குறியோடு வருவதை நானே பார்த்திருக்கிறேன். வேலை செய்ய வேண்டிய காலத்தில் வராத பங்கு எவ்வளவோ, பிடித்தமும் அந்த விகிதத்தைத் தாண்டக்கூடாது என்பது சம்பளச் சட்டத்தின் பழைய விதி. எனவே ‘நிலையாக 26’ வேண்டாம்; ‘அந்த மாதத்தின் வேலை நாட்கள்’ என்றோ ‘நாட்காட்டி நாட்கள்’ என்றோ வையுங்கள்.

ஊதியமில்லா நாட்கள் சம்பளச் சீட்டோடு நிற்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக்கு மாதந்தோறும் ஏற்றும் கோப்பில், பங்களிப்பு இல்லாத நாட்கள் என்று ஒரு பத்தி இருக்கிறது. இந்த எண் அங்கே போக வேண்டும். இ.எஸ்.ஐ. கோப்பில், மாதம் முழுவதும் பூஜ்ய நாள் காட்டினால் காரணக் குறியீடு வேண்டும்: விடுப்பில் இருக்கிறாரா, வேலையை விட்டுவிட்டாரா? விடுப்பில் இருப்பவருக்குத் தவறுதலாக ‘விட்டுவிட்டார்’ குறியீடு போனால், அவர் மருத்துவமனையில் அட்டையை நீட்டும்போதுதான் தெரியவரும். புதிய விடுப்பு வகை ஒவ்வொன்றையும் உருவாக்கியதும், அது இந்த இரண்டு கோப்புகளில் எப்படிப் போய் விழுகிறது என்று ஒரு போலி ஊழியரை வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஆரம்ப இருப்பு. பழைய பதிவேட்டிலிருந்து மென்பொருளுக்கு மாறும்போது, யாருக்கு எத்தனை நாள் மீதி என்பதைப் பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து, பென்சில் குறிப்புகளைப் பார்த்து ஊகித்து ஏற்றுகிறார். அப்படிச் செய்யாதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வகை மீதியையும் எழுதி, அவரிடம் காட்டி, கையெழுத்து வாங்கிவிட்டு ஏற்றுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதலில் கையெழுத்துப் போட்டவன் அந்த டெங்குப் பையன். 3,000 ரூபாய் அடுத்த மாதச் சீட்டில் நிலுவையாக ஏறியிருந்தது, அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்த பிறகுதான் பேனாவை வாங்கினான்.