கோலுக்கு எட்டாத லாரி

என்னிடம் வெண்கோல் பிடித்து நடக்கப் பழக வரும் பார்வையற்றவர்களில் பலருக்கு நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும். ஒருவரிடம் எப்படி ஆச்சு என்று கேட்டேன். "லாரி சார். அது வந்து மோதல, நின்னுட்டிருந்த லாரியில நான்தான் போய் மோதினேன்" என்று சிரித்தார்.

வெண்கோல் தரையைத்தான் தடவும். லாரியின் பின்பக்கம் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், கோல் அதற்கு அடியில் சர்ரென்று புகுந்துவிடும், வழி காலி என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தால் முகம் நேராக இரும்பில். தாழ்ந்த மரக்கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, மாடிப்படியின் அடிப்பகுதி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த இடத்தில்தான் அல்ட்ராசோனிக் கருவி கைகொடுக்கிறது. காதுக்கு எட்டாத ஒலியை, பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில், அனுப்பி எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். 2 மீட்டர் தள்ளி ஏதாவது இருந்தால் சுமார் 12 மில்லிசெகண்டில் திரும்பிவிடும், உடனே கைப்பிடி அதிரும். ஒரு சென்சார், சின்ன கண்ட்ரோலர், செல்போனில் இருப்பது போன்ற அதிர்வு மோட்டார், பேட்டரி, அவ்வளவுதான் சரக்கு. அதனால்தான் குறைந்த செலவில் செய்ய முடிகிறது. ஐஐடி டெல்லியில் உருவான ஸ்மார்ட்கேன் இந்த வகைதான், வழக்கமான கோலின் மேலேயே மாட்டிக்கொள்ளலாம்.

மேலேயே மாட்டுவது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "இனி கோலே வேண்டாம், கண்ணாடியில் சென்சார் வைத்துவிட்டோம்" என்று வருடத்துக்கு நாலு மாணவர்களாவது ஆர்வத்தோடு வந்து நிற்கிறார்கள். முன்னால் பார்க்கும் சென்சாருக்குக் காலடியில் இருக்கும் பள்ளமோ இறங்கும் படியோ தெரியாது. அதைக் கோல்முனைதான் சொல்லும்.

அப்புறம், சத்தம். வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதைக் காதால்தான் கணிக்கிறார்கள், அந்தக் காதில் இயர்போனை அடைத்து பீப் பீப் என்றால் எப்படி? அதிர்வே போதும். செல்போன் வழிகாட்டிக் குரல் வேண்டுமென்றால் போனைச் சட்டைப் பையில் வைத்துக் கேட்கலாம். ஆனால் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலே சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பதாகச் சொல்லும், வாசல் வரை கொண்டுவிடும் என்று நம்ப வேண்டாம்.

லாரியில் மோதிய அதே மனிதர் கருவி வாங்கிய மூன்றாம் நாளே அதை அணைத்துவிட்டார். கூட்டத்தில் நடந்தால் ஓயாமல் அதிர்ந்து கை மரத்துப்போச்சாம். கூட்டத்தில் கருவி உணரும் தூரத்தை 1 மீட்டருக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாருமே அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவருடைய கோலும் இடுப்புக்குத்தான் வந்தது, நெஞ்செலும்பின் அடிவரையாவது வர வேண்டும். ஒரே அளவில் நூறு கோல் வாங்கி எல்லோருக்கும் கொடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கோலை மாற்றி, கூட்டத்திலேயே ஒரு வாரம் நடக்கவிட்டோம், சரியானது.

கருவி வாங்கும்போது ஒன்றை மறக்காமல் சோதியுங்கள். சார்ஜ் தீரப்போகும்போது அது தனியாக ஓர் அதிர்வு தருகிறதா? சத்தமில்லாமல் செத்துப்போகும் கருவியை வைத்திருப்பவர், அதிரவில்லையே, வழி காலிதான் என்று நேராக நடந்துகொண்டிருப்பார்.